பள்ளத்தில் இறங்கும் உறைபனி: கில்பர்ட் ஒயிட் கண்டறிந்த கதை

உறைபனி மேட்டு நிலத்தை அதிகம் தாக்குமா, பள்ளத்தையா? 240 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவர் இதற்குத் தன் தோட்டத்திலேயே விடை கண்டார். அவர் பெயர் கில்பர்ட் ஒயிட். ஹாம்ப்ஷயர் பகுதியில், செல்போர்ன் என்ற சிற்றூரில் 1720-ல் பிறந்தவர். தொழில் பாதிரியார் வேலை. மனம் முழுக்கத் தோட்டத்தில். எருவின் சூட்டிலேயே வெள்ளரியும் முலாம்பழமும் வளர்த்தார். விதைத்த நாள், பெய்த மழை, வந்த பறவை என்று 1751-ல் எழுதத் தொடங்கியவர், 1793-ல் இறக்கும்வரை குறிப்பெழுதினார்.

1784 டிசம்பர் 10-ம் தேதி இரவு 11 மணிக்கு அவர் வீட்டு வெப்பமானி உறைநிலைக்குக் கீழே சுமார் 18 டிகிரி செல்சியஸ் காட்டியது. காற்று அசையவே இல்லை. அவர் வீட்டைவிட 200 அடிக்கும் மேல் உயரத்தில் இருந்த நியூட்டனில் குளிர் இன்னும் கொடுமையாக இருக்கும் என்றுதான் நினைத்தார். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அங்கே அதே நேரத்தில் உறைநிலைக்குக் கீழே சுமார் 8 டிகிரிதான்! கருவியில் கோளாறோ என்று தன் வெப்பமானி ஒன்றை மேலே அனுப்பி ஒப்பிட்டார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. அவர் ஆசையாக வளர்த்த வேலிச் செடிகள் கருகிப்போயின; மேட்டில் அதே வகைச் செடிகளில் ஓர் இலைகூட உதிரவில்லை. குளிர்ந்த காற்று கனமானது. அமைதியான இரவில் தண்ணீரைப்போலப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். நீலகிரியில் தேயிலை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

இன்னொன்றும் கவனித்தார். 1768 ஜனவரிப் பனியில், வெயில் படும் இடத்துச் செடிகள் செத்தன. நிழலில் நின்றவை பிழைத்தன. பனி உருகுவதும் மறுபடி உறைவதுமாக மாறி மாறி நடப்பதே செடியைக் கொல்கிறது என்று முடிவு செய்தார். சின்னத் தோட்டமானால் பாய், துணி, வைக்கோல் போட்டு மூடவேண்டும். பெரிதானால் ஆட்களை விட்டுக் கிளைகளிலிருந்து பனியைத் தட்டிவிடவேண்டும் என்பது அவர் சொன்ன வழி.

பறவைகளையும் விடவில்லை. தரையெல்லாம் பனி மூடிய நாட்களில் பட்டாணிக் குருவிகள் கூரையின் இறவாரத்தில் வைக்கோலை ஒவ்வொன்றாக உருவி, உள்ளே ஒளிந்திருக்கும் ஈக்களைத் தின்றன. கூரையே பிய்ந்ததுபோல் ஆகிவிட்டதாம். மண்ணுக்கடியில் விளையும் காளான் அடர்ந்த காட்டில் கிடைக்காது, வேலியோரத்திலும் தோப்பின் விளிம்பிலும்தான் கிடைக்கும் என்று, அதைத் தேடி விற்கும் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்தக் காலத்து உழவர்களுக்கு மண்புழு என்றால் வெறுப்பு. 1777-லேயே அவர் அதற்காக வாதாடினார். மண்ணைத் துளைத்துத் தளர்த்தி மழைநீரையும் வேரையும் உள்ளே விடுவதும், இலை தழையை இழுத்துக்கொள்வதும், எருவாகும் கழிவைக் குவிப்பதும் அதுதான் என்று எழுதினார். குளிர்காலத்தில் அது தூங்கிவிடும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. கடுங்குளிர் இல்லாத இரவில் மெழுகுவத்தியோடு புல்தரைக்குப் போய்ப் பாருங்கள், வெளியே வந்திருக்கும் என்றார். டார்வினின் மண்புழு நூல் வந்தது 1881-ல், அதாவது அதற்கு நூறாண்டுக்கும் பிறகு.