தியானத்தில் வளர்ந்த தெரேசம்மாள்

தெரேசா என்னும் பெயரை நம் பள்ளியில் அறியாதவர் இல்லை. சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை தெரேசம்மாளை அறிவோம். கல்கத்தாவின் ஏழைகளுக்குத் தாயான அன்னை தெரேசாவையும் அறிவோம். இவ்விருவருக்கும் முன்னவராய், பெரிய தெரேசம்மாள் என்று போற்றப்படுபவர் ஸ்பெயின் நாட்டு அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள். தியானம் என்றதும் இவர் நினைவே முதலில் வரும். ஆனால் அந்தத் தியானம் அவருக்கு எளிதாகக் கைவந்தது என்று நாம் எண்ணினால் அது பெருந்தவறு. அவர் பட்ட பாட்டை அறிந்தால், செபத்தில் மனம் ஒட்டவில்லையே என்று சோர்ந்து போகும் நமக்கெல்லாம் பெரிய ஆறுதல் கிடைக்கும்.

தெரேசம்மாள் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிறந்தார். தந்தை அலோன்சோ, தாய் பெயாத்திரிஸ். சிறு வயதிலேயே புனிதர்களின் வரலாறுகளைத் தம் அண்ணன் ரொட்ரிகோவுடன் சேர்ந்து வாசிப்பார். மறைசாட்சிகள் ஒரு நொடியில் உயிரைக் கொடுத்து மோட்சத்தை அடைந்து விடுகிறார்களே, நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று குழந்தைகள் இருவரும் முடிவு கட்டினார்கள். மூர் இனத்தவரின் நாட்டுக்குப் போய்க் கிறிஸ்துவுக்காக உயிரை விடுவது என்று ஒருநாள் வீட்டை விட்டே புறப்பட்டு விட்டார்கள். சிற்றப்பா ஒருவர் வழியில் கண்டு திரும்ப அழைத்து வந்தார் என்பது வரலாறு. ஒரே நாளில் வீரம் காட்ட அந்தச் சிறுமி ஆயத்தமாய் இருந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் இறைவன் முன் அமர்ந்திருப்பது அதைவிடக் கடினம் என்பதை அவள் பின்னால் அல்லவா கற்றுக்கொண்டாள்!

இளம் பருவத்திலேயே தாயை இழந்தார் தெரேசம்மாள். அழகிய உடை, நறுமணப் பொருள்கள், வீரக் கதைகள், தோழியருடன் அரட்டை என்று பொழுது போயிற்று. கவலைகொண்ட தந்தை 1531இல், அவருக்கு 16 வயதானபோது, அகுஸ்தீன் சபைக் கன்னியர் நடத்திய மடத்தில் தங்கிக் கல்வி பெற அனுப்பினார். அங்கிருந்த நல்ல கன்னியர் ஒருவரின் பேச்சும் நடத்தையும் அவர் உள்ளத்தைத் திருப்பின. நம்மைப் போன்ற ஒரு விடுதி மாணவியாகத்தான் தெரேசம்மாளின் ஞான வாழ்வு தளிர்விட்டது என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1535இல், இருபதாம் வயதில், அவிலாவில் உள்ள மனுவுருவாதல் மடத்தில் கார்மேல் சபைக் கன்னியராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோய் கண்டது. சிகிச்சைக்காகப் போகும் வழியில் தந்தையின் சகோதரர் ஒருவர் வீட்டில் தங்கியபோது, அவர் ஒரு நூலைக் கொடுத்தார். பிரான்சிஸ்கன் துறவி ஒசுனா எழுதிய அந்த நூல், சொற்களுக்கு அப்பால் உள்ளத்தை ஒருமுகப்படுத்திச் செபிக்கும் முறையைக் கற்பித்தது. தெரேசம்மாளின் தியான வாழ்வுக்கு அதுவே அரிச்சுவடி ஆயிற்று.

நோயோ முற்றியது. 1539 ஆகஸ்டு 15ஆம் நாள் உணர்விழந்தார். நான்கு நாட்கள் அசைவே இல்லை. மடத்தில் கல்லறைக் குழியும் ஆயத்தமாயிற்று. கண் விழித்தபோது இமைகளில் மெழுகு இருந்தது. அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் உடல் முடங்கிக் கிடந்தார். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ முடிந்த நாளில் அவர் இறைவனுக்கு நன்றி சொன்னார். தாம் நலம் பெற்றது புனித சூசையப்பரின் மன்றாட்டால் என்று இறுதிவரை நம்பினார்.

இவ்வளவு துன்பத்திலும் விடாத தியானத்தை, உடல் தேறிய பிறகு அவர் விட்டுவிட்டார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்த மடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கன்னியர் இருந்தனர். விருந்தினர் வருவதும் போவதும் பேசுவதும் ஓயாது நடந்தன. இனிமையாகப் பேசும் தெரேசம்மாளைக் காண எல்லாரும் விரும்பினார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. இப்படி உலகப் பேச்சில் மூழ்கிய நான் எந்த முகத்தோடு இறைவன் முன் தனித்து அமர்வேன் என்று வெட்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் தியானத்தைக் கைவிட்டார். தாழ்ச்சி என்று அவர் நினைத்த அது, உண்மையில் பெரிய சோதனை என்று பிற்காலத்தில் தாமே எழுதி வைத்தார்.

இதில் வேதனை என்னவென்றால், தம் தந்தைக்குத் தியானம் செய்யக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். தந்தை நாள்தோறும் அதில் வளர்ந்துகொண்டிருக்க, மகள் நின்றுவிட்டாள். தந்தை கேட்டபோது உடல் நலத்தைக் காரணம் காட்டினார். அவரும் நம்பினார். 1543இல் தந்தை நோயுற்றபோது மகள் அருகிருந்து பணிவிடை செய்தார். தந்தையின் நல்ல மரணம் அவர் மனத்தை உலுக்கியது. தந்தையின் ஞானகுருவாய் இருந்த சாமிநாதர் சபைக் குரு, தியானத்தை மறுபடி தொடங்கும்படியும் எக்காரணம் கொண்டும் அதை விடாதபடியும் அறிவுறுத்தினார். அன்று தொடங்கியதைத் தெரேசம்மாள் சாகும்வரை விடவில்லை.

தொடங்கியவுடன் இன்பம் பொங்கியதா? இல்லை. அவரால் எதையும் மனக்கண்ணில் எளிதாக உருவகித்துப் பார்க்க இயலாது. கையில் நூல் இல்லாமல் தியானத்தில் அமரவே பல ஆண்டுகள் அஞ்சினார். சில நாட்களில் மணி எப்போது அடிக்கும் என்றே காது காத்திருக்கும். அந்நேரத்தில் வேறு எந்தத் தவம் கொடுத்தாலும் மகிழ்ச்சியோடு செய்திருப்பேன் என்று ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். ஆயினும் எழுந்து போகவில்லை. ஜெத்சமனித் தோட்டத்தில் தனித்துத் துயருற்ற இயேசுவை உறங்குமுன் நினைக்கும் பழக்கம் அவருக்கு இளமை முதலே உண்டு. அந்தச் சிறு பழக்கம் அவருக்குப் பெருந்துணை ஆயிற்று. வயலையும் நீரையும் மலர்களையும் பார்த்தும் மனத்தை இறைவன்பால் திருப்புவார்.

தியானத்தை விளக்க அவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் உவமையைக் கையாண்டார். தொடக்கத்தில் கிணற்றிலிருந்து வாளியால் இறைக்க வேண்டும், கை நோகும். பிறகு சக்கரம் வைத்து இறைக்கலாம், உழைப்புக் குறையும். அடுத்து வாய்க்கால் நீர் தானே பாயும். முடிவில் மழை பொழியும். தோட்டக்காரருக்கு வேலையே இல்லை. மழை இறைவன் தருவது. இறைப்பது நம் பங்கு. கிணறு வறண்ட நாளிலும் நாம் கிணற்றடிக்குப் போக வேண்டும் என்பதே அவர் படிப்பினை.

பல ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 39 வயதில், காயங்களோடு நிற்கும் கிறிஸ்துவின் சுரூபத்தின் முன் மனமுருகி விழுந்தார். அதன்பின் அவர் வாழ்வு புதுவழியில் சென்றது. ஆனால் அந்த நாளுக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தவை, ஒன்றும் தோன்றாத எத்தனையோ நாட்களின் மணி நேரங்களே.

விடாத தியானத்தால் விளைந்த பயன் என்ன? முதலாவது, துணிவு. 1562 ஆகஸ்டு 24ஆம் நாள் சூசையப்பர் பெயரால் சிறியதோர் எளிய மடத்தை அவிலாவில் தொடங்கினார். ஊரே கொந்தளித்தது. நகர சபையார் மடத்தை மூடிவிட முனைந்தார்கள். தெரேசம்மாள் கலங்கவில்லை. அங்கே காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் தியானம் என்று ஒழுங்கு செய்தார். பெண்கள் தியானம் செய்வதையே ஐயத்தோடு பார்த்த காலம் அது. 1559இல் தாய்மொழி ஞான நூல்கள் பல தடை செய்யப்பட்டன. வாசிக்க நூல் இல்லாமற்போன நிலையில், தம் சகோதரிகளுக்காக அவரே எழுதலானார். அவருடைய தன்வரலாறு விசாரணை மன்றத்தின் கையில் சிக்கியது. அவர் மறைந்த பின்னரே, 1588இல், அச்சேறியது.

இரண்டாவது, மன அமைதி. 1571இல் தம் பழைய மடத்துக்கே தலைவியாக அனுப்பப்பட்டபோது, அங்கிருந்த கன்னியர் பலர் கூச்சலிட்டு எதிர்த்தனர். அவர் தலைவியின் இருக்கையில் தேவமாதாவின் சுரூபத்தை வைத்து, தாம் அருகில் அமர்ந்துகொண்டார். எதிர்ப்பு மெல்ல அடங்கியது.

மூன்றாவது, ஓயாத உழைப்பு. கண்ணை மூடிச் சும்மா இருப்பதற்குப் பெயர் தியானம் என்று எண்ணுவோர் தெரேசம்மாளைப் பார்க்கட்டும். நோயாளியான அவர் மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை மீதும் வெயிலிலும் வெள்ளத்திலும் பயணம் செய்தார். அவர் முயற்சியால் பதினேழு மடங்கள் எழுந்தன. புனித சிலுவை அருளப்பரின் துணையோடு துறவியரின் மடங்களும் சீர்பெற்றன. நிலம் வாங்கினார், கடன் தீர்த்தார், கடிதங்கள் எழுதினார். 1577இல் 'ஆன்மக் கோட்டை' என்னும் நூலை எழுதினார். அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் இரவில் படியில் விழுந்து இடது கை முறிந்தது. பணியோ நிற்கவில்லை. சமையலறைச் சட்டிபானைகளுக்கு இடையிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று சகோதரிகளுக்குச் சொல்லிவந்தார். தியானத்தின் உண்மையை அன்புச் செயல்களில் காணவேண்டும் என்பது அவர் துணிபு.

1582 அக்டோபர் 4ஆம் நாள் இரவு, ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரில் 67ஆம் வயதில் உயிர் நீத்தார். நாட்காட்டி திருத்தப்பட்டதால் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. ஆகவே அந்நாளே அவர் திருநாள். 1622இல் புனிதர் பட்டம் பெற்றார். 1970 செப்டம்பர் 27ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பெருமை பெற்ற முதல் பெண்மணி அவரே.

அன்புத் தோழியரே! நாம் ஒரு மணி நேரம் அமர இயலாமல் இருக்கலாம். காலையில் பத்து நிமிடம் நம்மால் முடியும். மனம் ஓடும்; தூக்கம் வரும்; கடிகாரத்தைப் பார்ப்போம். நேற்று நாம் தவறியிருந்தால் இன்று அமர வெட்கமாகவும் இருக்கும். அந்த நாளில்தான் நாம் முக்கியமாக அமர வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் செல்வோம். மழை அவர் கையில் இருக்கிறது.