விறகுக் கட்டே விடையாயிற்று

விசுவாசத்தை வெளிப்படையாக வாழ்பவரை உலகம் வியப்போடும், சில வேளைகளில் ஏளனத்தோடும் நோக்குவது புதிதன்று. முத்திப்பேறு பெற்ற பிரெடெரிக் ஓசானாம் இதனை இளமையிலேயே அனுபவித்தார்.

1813ஆம் ஆண்டு மிலானில் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்த இவர், சட்டம் கற்கப் பாரிஸ் சென்றார். அங்கே கற்றோர் பலருக்குச் சமயம் காலங்கடந்த ஒன்றாகவே தோன்றியது. மாணவர் விவாதமொன்றில் அவர் திருச்சபைக்காக வாதாடினார். அதன் பழைய நற்பணிகளை ஏற்றுக்கொண்ட சக மாணவன் ஒருவன், இன்று கத்தோலிக்கர் ஏழைகளுக்குச் செய்வது என்னவென வினவினான்.

அக்கேள்வி ஓசானாமின் உள்ளத்தைத் தைத்தது. அதற்குச் சொல்லால் விடையில்லை என உணர்ந்தார். தம்மிடம் எஞ்சியிருந்த விறகை நண்பரோடு சுமந்து சென்று, வறிய குடும்பமொன்றுக்குக் கொடுத்தார் என்பர். 1833 ஏப்ரலில், இருபது வயதில், தோழரோடு அவர் ஆரம்பித்த சிறு குழுவே புனித வின்சென்ட் டி போல் சபையாக வளர்ந்தது. அருட்சகோதரி ரோசலி ரெந்து ஏழைகளின் இல்லங்களுக்கு அவர்களை வழிப்படுத்தினார்.

பின்னர் சோர்போனில் பேராசிரியரானபோதும் ஓசானாம் தம் விசுவாசத்தை மறைக்கவில்லை. ஏழைகளின் வீடுகளை மறக்கவுமில்லை. மனைவியையும் சிறு மகளையும் விட்டு, 1853இல் நாற்பதாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். 1997இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

எமது பங்குகளிலும் அச்சபையினர் ஏழைகளின் கதவைத் தட்டுகின்றனர். அப்பணியைத் தூண்டியது, விசுவாசமற்ற ஒருவனின் கேள்வி. அதனை அவமதிப்பாகக் கொள்ளாது, இறைவனின் அழைப்பாக ஓசானாம் ஏற்றார். அதே கேள்வி இன்று எம்மிடம் கேட்கப்பட்டால், விடையாகக் காட்ட எம் கைகளில் இருப்பது என்ன?