ஏரிக்கரையின் நல்லாயன்

அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், ஒக்கார்ச்சி என்னும் சிற்றூரில், 1935 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார் ஸ்டான்லி ரோதர். குருமடத்தில் இலத்தீன் மொழி அவருக்கு வரவேயில்லை. படிப்பில் தவறியதால் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். ஆயினும் மனந்தளராமல் வேறொரு குருமடத்தில் சேர்ந்து பயின்று, 1963 இல் குருப்பட்டம் பெற்றார்.

1968 இல் குவாத்தமாலா நாட்டில், அத்தித்லான் ஏரிக்கரையில் வாழும் மாயா இன மக்களிடம் பணியாற்றச் சென்றார். இலத்தீனுக்குத் திணறிய அதே நாவு, அம்மக்களின் சுத்துகீல் மொழியைப் பேசப் பழகியது. புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்க்கும் பணிக்கும் அவர் துணைநின்றார். வயலில் இறங்கி அவர்களோடு உழைத்தார். ஏழைகளின் பிணி தீர்க்க அங்கே சிறு மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதற்கு அவர் தூணாக விளங்கினார்.

உள்நாட்டுப் போர் அவ்வூரையும் சூழ்ந்தது. 1980 இல் இராணுவம் அங்கே முகாமிட்டது. உபதேசியார் சிலர் கடத்தப்பட்டனர். கொலைப் பட்டியலில் தம் பெயரும் இருப்பதை அறிந்து, 1981 சனவரியில் தாயகம் திரும்பினார். மனமோ மக்களிடமே இருந்தது. புனித வாரத்தில் அவர்களிடம் மீண்டார். சூலை 28 ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், பங்கு இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 46. உடல் தாயகம் சென்றது; மக்களின் விருப்பப்படி இதயம் மட்டும் அவ்வூரிலேயே வைக்கப்பட்டது. 2017 இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது.

அன்புத் தோழியரே! மதிப்பெண் குறைந்து நாம் கலங்கும் நாளில் இவரை நினைப்போம். இலத்தீன் வராதவர்தாம் ஏழைகளின் மொழியில் தேறினார்.