பல் அழுக்கில் ஓர் உலகைக் கண்ட துணிக்கடைக்காரர்

மனிதரின் வாயிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது என் வேலை. முனைவர் பட்டம் பெற்ற பிறகு இத்துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஆனால், நுண்ணோக்கியை நான் தொடுவதே அபூர்வம். மாதிரிகளில் உள்ள மரபணுக்கள் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளாக வாசிக்கப்பட்டு என் கணினிக்கு வரும். யாரிடம் எந்த நுண்ணுயிர், எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிய நிரல் எழுதுவேன்.

இந்தத் துறைக்கு விதை போட்டவர் யார் என்று மாணவர்கள் கேட்டால், அந்தோனி வான் லீவன்ஹுக் என்றுதான் சொல்வேன்.

அவர் 1632இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். கூடை முடையும் தந்தை, மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணிக்கடையில் தொழில் பழகினார் லீவன்ஹுக். பிறகு ஊர் திரும்பிச் சொந்தக் கடை வைத்தார். பல்கலைக்கழகத்தில் படித்ததில்லை. அன்றைய அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது. தெரிந்தது தாய்மொழியான டச்சு மட்டுமே.

சிறு லென்சுகளைத் தாமே செய்து, அவற்றைக் கொண்டு கையடக்க நுண்ணோக்கிகளை உருவாக்கினார். இன்று எஞ்சியிருப்பவற்றில் சிறந்தது ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கண்டதையெல்லாம் 1673 முதல் லண்டன் ராயல் கழகத்துக்கு டச்சிலேயே எழுதினார். கழகத்தார் மொழிபெயர்த்து வெளியிட்டனர்.

மிளகு ஊறிய நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதாக 1676இல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டி, அவர்களின் சாட்சிக் கடிதங்களை அனுப்பினார். 1677இல் ராபர்ட் ஹூக் அதே சோதனையைச் செய்து பார்த்து உண்மையென உறுதிப்படுத்தினார். 1680இல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1683இல் தம் பல் இடுக்கிலிருந்த வெள்ளை அழுக்கை மழைநீரில் கலந்து பார்த்தார். உப்பால் தினமும் பல் துலக்கியும் அதில் உயிர்கள் துள்ளின. அதோடு நிற்கவில்லை. பெண்களிடமும், வாழ்நாளில் பல்லே துலக்காத முதியவரிடமும் அழுக்கை எடுத்து ஒப்பிட்டார். இன்று நூற்றுக்கணக்கானோரின் மாதிரிகளைக் கொண்டு நான் செய்வதும் அதே ஒப்பீடுதான்.

ஆனால், சிறந்த லென்சுகளைச் செய்த முறையை அவர் யாருக்கும் சொல்லவில்லை. 1723இல், 90 வயதில், அந்த ரகசியம் அவரோடு போய்விட்டது. பாக்டீரியா ஆய்வு வேகம் பெற 19ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. வேறு காரணங்களும் உண்டு. இந்த ரகசியமும் அதில் ஒன்று.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒருமுறை என் பழைய நிரலை மீண்டும் ஓட்டினேன். முன்பு கிடைத்த முடிவு வரவில்லை. இடையில் எந்த எண்ணை மாற்றினேன் என்று குறித்து வைக்கவில்லை. அதைத் தேடியே மூன்று வாரம் வீணானது. அன்றிலிருந்து ஒவ்வொரு படியையும் எழுதி வைக்கிறேன். நிரலையும் மற்றவர்களோடு பகிர்கிறேன்.

பள்ளி அறிவியல் கூடத்தில் சோதனை செய்யும் தம்பி தங்கைகளே, விடையை மட்டும் எழுதாதீர்கள். எப்படிச் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அங்கிருந்து தொடங்கட்டும்.