எட்கர் தர்ஸ்டன் சரித்திரச் சுருக்கம்

இராமேசுவரக் கடலின் உயிர்வகைகளை முறைப்பட ஆராய்ந்தெழுதிய முன்னோருள் எட்கர் தர்ஸ்டன் ஒருவராவர். இவர் 1855-ஆம் ஆண்டிற் பிறந்து, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவங் கற்று, 1885-இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையின் தலைவராயினார். பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் போந்து கடல்வாழ் உயிர்களைத் திரட்டினார். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் பற்றி 1890-இல் நூலொன்றும் வெளியிட்டார்.

பின்னர் அவரது நாட்டம் மக்கள்பாற் சென்றது. 1901-இல் அரசாங்கத்தார் தொடங்கிய குலவாராய்ச்சிக்குச் சென்னை மாகாணத்தில் இவரே தலைவர். பலவிடங்களுக்குஞ் சென்று மக்களின் தலை, மூக்கு, உயரம் ஆகியவற்றைக் கருவிகொண்டு அளந்தார். கே. ரங்காச்சாரி துணைபுரிய, 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்தன.

சங்கு தன்னை அளப்பது எதற்கென்று வினவாது, மனிதனோ வினவுவான். தம்முட் சிறந்தாரைப் பாடஞ்செய்து பொருட்காட்சிச்சாலையில் வைப்பாரென்றஞ்சி வயநாட்டுப் பணியப் பெண்டிர் ஓடினர். பழைய சிறு குற்றமொன்றின்பொருட்டுப் போலீசார் தேடிய நீலகிரி இருளரொருவர், உயரமளக்குங் கோலைத் தூக்குமரமென்றெண்ணி மறுத்துவிட்டார். இவற்றைத் தர்ஸ்டனே தம் நூன்முகத்தில் வேடிக்கைபோற் குறித்துள்ளார். ஊன்றி நோக்குவார்க்கோ இவை வேடிக்கையல்ல. அளப்பவர் யார், எதற்காக அளக்கின்றார், அக்கணக்கு எங்கே செல்லும் என்பன அவர்கட்கு விளங்கவில்லை. விளக்கமில்லா இடத்தை அச்சம் நிரப்பிற்று. ஓடாது நின்றவரும் மனமொப்பி நின்றனரோ, அதிகாரிக்கு அஞ்சி நின்றனரோ, யாரறிவார்? மூக்கின் அளவால் இனவேறுபாடு காணலாமென்ற அக்காலக் கொள்கையும் பின்னர் அறிவியலாராற் கைவிடப்பட்டது.

ஓய்வுபெற்றபின் தர்ஸ்டன் கார்ன்வால் நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து, 1935-இல் காலமானார். மனிதர்மீது செய்யும் மருத்துவச் சோதனைக்கு அவர்தம் இசைவு இன்றியமையாததென 1947-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் வகுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நலத்துறை பற்றிய சமூக ஆராய்ச்சிக்கும் அறிந்தளிக்கும் இசைவை வேண்டுகின்றன.

சமூகப்பணி பயிலும் மாணாக்கரே! வினாத்தாளுடன் கடற்கரைக் குடிசைகளுக்குச் செல்லுங்கால், நீவிர் யாரென்பதையும் வந்த காரியத்தையும் அவர்கள் மொழியில் முதலிற் கூறுமின். விடையளிக்க மறுக்கலாமென்பதையும், மறுத்தால் எவ்வுதவியுங் குறையாதென்பதையும் உணர்த்துமின். கையெழுத்து வாங்குதல் எளிது. அவர் உண்மையிற் புரிந்துகொண்டனரா என்று பொறுமையுடன் கேட்டறிதலே அரிது. அவ்வரிய செயலைத் தர்ஸ்டன் காலத்தார் கற்பிக்கப்பெற்றிலர், நாம் கற்பிக்கப்பெற்றுள்ளோம். ஆதலின் நமது பொறுப்பு அவரினும் பெரிது.