அவ்வை இல்லத்து அன்னை

சரோஜினி தேவியார் நம் ஹைதராபாத் நகரில் பிறந்தவர் என்பதை இங்கு வாழும் தமிழன்பர்கள் அனைவரும் அறிவர். அவரைச் சென்னையில் சந்தித்த பின்னர் மாதர் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கிய மருத்துவ மாணவி ஒருவர் உண்டு. அவரே பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று புகழ் பெற்ற அம்மையார்.

அவர் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் தோன்றியவர். அம்மணத்தின் பொருட்டு ஐயரை அவர்தம் சுற்றத்தார் விலக்கி வைத்தனர். ஊரார் நாவுக்கு அஞ்சி வாழும் வீட்டின் நிலையை அக்குழந்தை இளமையிலேயே கண்டிருத்தல் வேண்டும்.

பருவமெய்தியதும் பள்ளி நின்றது. ஆயினும் தந்தையார் வீட்டிலிருந்தே பாடம் சொல்லிக் கொடுத்தார். அம்மையார் 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அத்துடன் படிப்பை முடித்துக்கொண்டு உத்தியோகம் தேடிய எம்போன்றோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். ஆண்கள் மட்டும் பயின்ற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் தேறி வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்துவதாகவும் தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நில்லாதிருப்பதாகவும் அவரிடம் உறுதி பெற்ற பின்னரே அம்மையார் இம்மணத்துக்கு இசைந்தார். அக்காலத்து ஆடவர் எத்தனை பேர் அவ்வுறுதியை அளித்திருப்பர்?

1927இல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராக அமர்ந்து, அச்சபையின் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அவ்வாண்டிலேயே, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். சட்டசபையினுள்ளும் வெளியிலும் கற்றோர் பலரே இதனை எதிர்த்தனர். அம்மையார் பேச்சோடு நின்றாரல்லர். கோயில் ஊழியத்துக்கென விடப்பட்ட மானிய நிலங்கள் பறிபோகுமே என்ற அச்சத்தாலேயே பல குடும்பங்கள் பெண்களைப் பொட்டுக்கட்டி வந்தன. அந்நிலங்கள் ஊழியக் கடமையின்றி அப்பெண்களுக்கே உரியனவாகுமாறு 1929இல் சட்டம் திருத்தப்பெற்றது. வயிற்றுப்பாட்டுக்கு முதலில் வழி செய்துவிட்டுப் பின்னர் வழக்கத்தை ஒழிக்க முனைந்த இம்முறையையே யாம் பெரிதும் மதிக்கிறோம். காந்தியடிகள் 1930இல் சிறைப்பட்டதும் அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் முழுமையாக நிறைவேறியதோ 1947இல்தான்.

இடைப்பட்ட அப்பதினேழு ஆண்டுகளில் பெண்கள் எங்கே போவர்? 1930இல் மூன்று இளம்பெண்கள் தம் குலத்தொழிலினின்றும் தப்பி அம்மையாரின் வீட்டு வாயிலுக்கு வந்து நின்றனர். படிக்கும் பெண்களுக்கான விடுதிகளில் அவர்களுக்கு இடம் தேடினார். அவர்கள் பிறந்த குலத்தைக் காட்டி இடம் மறுக்கப்பட்டது. அவர்களைத் திருப்பி அனுப்பினால் மீண்டும் அப்பழைய வாழ்க்கைக்கே போக நேரும். ஆதலின் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பெற்ற மக்கள் இருவருடன் பெறாத மக்களும் அவ்வீட்டில் வளரலாயினர். மேலும் பலர் வரவே அதுவே அவ்வை இல்லம் ஆயிற்று. பிற்காலத்தில் அடையாற்றில் அதற்கு நிலையான இடம் அமைந்தது. ஆதரவற்ற சிறுமியர் எக்குலத்தவராயினும் அங்கே இடம் பெற்றனர். உணவும் உடையும் மட்டுமன்றிப் படிப்பும் பெற்றனர். பிறந்த குலம் எதுவென்று கேளாத அவ்வையின் பெயரை அவ்வில்லத்துக்குச் சூட்டியது மிகவும் பொருத்தமே.

அம்மையாருக்கு மற்றொரு துயரும் இருந்தது. 1923இல் அவர் தங்கை புற்றுநோயால் மாண்டார். டாக்டராகிய தமக்கை அருகிருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டுமென்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவேயில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு! மேல்நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அப்பணியில் உடன் நின்றார். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அந்நிறுவனத்துக்கே உழைத்தார்.

1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22இல், எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாட்களே இருந்தபோது அம்மையார் காலமானார். ஏழைத் தாய்மார்களின் பேறுகாலத்துக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் அளிக்கும் உதவித்தொகைத் திட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவ்வை இல்லம் அடையாறு பெசன்ட் அவென்யூவில் இன்றும் நடைபெற்று வருகிறது. இங்கிருந்து மாலையில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறும் நம்மவர் மறுநாள் காலை சென்னை சேர்ந்துவிடலாம். விடுமுறைக்குச் செல்வோர் ஒரு வேளையை ஒதுக்கிக் குழந்தைகளையும் அங்கே அழைத்துச் சென்று வருவாராக.