வானியல் அறிஞர் வைணு பாப்பு

திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. காடு சூழ்ந்த அவ்வூரை உலக வானியலார் அறியச் செய்தவர் வைணு பாப்பு ஆவார்.

இவர் 1927 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10 ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்து நிசாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தமையால், தொலைநோக்கி இவருக்கு இளமையிலேயே பழகிய கருவியாயிற்று. 1949 இல் அமெரிக்கா சென்று ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டே வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இவர் பெயரோடு வேறிருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1952 இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பின்னர்ப் பாலோமர் மலையில், அந்நாளில் உலகிலேயே பெரிதாயிருந்த தொலைநோக்கியைக் கொண்ட வானாய்வகத்தில் ஆய்வு செய்யும் வாய்ப்புக் கிட்டியது. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், சிலவற்றில் கால்சியத்திற்குரிய கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தோன்றும். அக்கோடு எவ்வளவு அகன்றுள்ளதோ அவ்வளவுக்கு அவ்விண்மீனின் உண்மை ஒளியும் மிகுதி என்பதை வில்சன் என்னும் அறிஞரோடு சேர்ந்து நிறுவினார். உண்மை ஒளி தெரிந்தால் விண்மீனின் தொலைவைக் கணக்கிடலாம். 1957 இல் வெளியான இவ்வுண்மை வில்சன்–பாப்பு விளைவு எனப்படுகிறது.

அத்தகைய பெருங்கருவிகள் தாய்நாட்டில் அன்று இல்லை. ஆயினும் இவர் நாடு திரும்பினார். நைனிடாலில் வானாய்வகம் அமைய உழைத்தபின், 1960 இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அது கதிரவனை ஆராய்வதில் பெயர்பெற்றது. விண்மீன்களை ஆராயவோ நகர விளக்கொளி படாத, முகில் குறைந்த வேறிடம் வேண்டியிருந்தது. பல இடங்களை ஆராய்ந்து காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருத்தலால், அங்கிருந்து தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம்.

1968 இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1972 இல் செருமனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அங்கு இயங்கத் தொடங்கின. 1977 மார்ச்சு 10 ஆம் நாள் யுரேனசுக் கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்ச்சியில் காவலூருக்கும் பங்குண்டு.

கருவிகளை விலைக்கு வாங்குவதோடு அமையாது, நம்மவரே அவற்றைச் செய்யக் கற்றல் வேண்டும் என்பது இவர் கொள்கை. ஆகவே 2.34 மீட்டர் தொலைநோக்கியை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியை மேற்கொண்டார். 1979 இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் ஆனார். அப்பணி முற்றுப்பெறு முன்னரே, 1982 ஆகஸ்டு 19 அன்று மியூனிச்சு நகரில் காலமானார்.

1986 இல் அத்தொலைநோக்கி நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டு, அதற்கு அவர் பெயரே இடப்பட்டது. அதன் வழியே வானை நோக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் காவலூரில் ஆய்வுசெய்வோர் யாவரும் அவர் உழைப்பின் பயனைத் துய்ப்பவரே ஆவர்.